தேருக்கு முந்தின நாள் எடுத்த ரத்தம்

அத்தை மகன் கல்யாணத்தில் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. அப்பா முதல் பரிமாறலோடு இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார் என்று அக்கா போனில் சொன்னாள். இஞ்சித் துவையலை மூன்றாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மனிதர் அவர். எனக்கு அப்போதே என்னவோ போலிருந்தது.

அதற்கும் முன்னால் இரண்டு மாதமாகவே இடது பக்க வயிறு கனக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கேஸ் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 71 வயதில் வயிறு முட்டுகிறது என்றால் யாரும் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். கடைசியில் சேரன்மகாதேவியில் சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்தார்கள். வெள்ளணு எண்ணிக்கை 1,86,000. இருக்க வேண்டியது 4,000 முதல் 11,000 வரை. மெஷின் கோளாறு என்று நினைத்து மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். அதே கணக்குதான். ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள்.

நியூஜெர்சிக்குப் போய் 19 வருடமாகிறது. இந்த மாதிரிச் செய்தி வரும்போது தூரம் எப்படி இருக்கும் என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிக்கெட் போடுவதற்குள் ஒரு பெருநகர மருத்துவமனையிலிருந்து வாட்ஸ்அப்பில் 'வெளிநாடு வாழ் இந்தியர் பேக்கேஜ்' வந்துவிட்டது. அறை வாடகை, விமான நிலைய கார், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை எல்லாம் சேர்த்து ஒரு தொகை. என்ன வகைப் புற்றுநோய் என்றே தெரியாத நேரத்தில்! அப்போதைக்கு நான் அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரல்வாய்மொழி காற்றாலைகளையும் நாங்குநேரியையும் தாண்டி வீட்டுக்கு வந்தேன். எங்கள் பக்கம் புற்றுநோய் என்றால் முன்பெல்லாம் மூன்றே பெயர்தான்: திருவனந்தபுரம் ஆர்.சி.சி., சென்னை அடையாறு, வேலூர். பெரியப்பாவை அடையாறுக்குக் கொண்டுபோனபோது பக்கத்தில் ஓர் அறை எடுத்து நாலு மாதம் பொங்கித் தின்றார்கள். அந்த நினைப்பில்தான் சென்னைக்குக் கிளம்பலாம் என்றேன். பாளையங்கோட்டையிலேயே ரத்தப் புற்றுநோய்க்கென்று படித்த டாக்டரம்மா வாரம் இரண்டு நாள் வந்து பார்க்கிறார் என்று அக்காதான் இழுத்து நிறுத்தினாள். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, அதன்மேல் ரத்தவியலில் மூன்று வருட டி.எம். முடித்தவர்.

காலை 8 மணிக்குப் போனோம், டோக்கன் 31. உள்ளே கூப்பிடும்போது 2 மணி தாண்டிவிட்டது. எல்லாம் இரும்பு நாற்காலி. சங்கரன்கோவில், ராதாபுரம், களக்காடு என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஜெராக்ஸை வைத்துக்கொண்டு ஒரு கவுண்டரில் நீண்ட வரிசை. கையிலிருந்து பணம் கட்டுகிற கவுண்டரில் ஈ ஆடவில்லை. இருந்தாலும், அமெரிக்காவில் புதிய நோயாளியாக ஒரு சிறப்பு மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்த அனுபவம் எனக்கு இருப்பதால், ஆறு மணி நேரம் பெரிதாகத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியது.

டாக்டரம்மா என் லேப்டாப் பையைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கினார். மண்ணீரல் தொப்புள் பக்கம் வரைக்கும் இறங்கியிருந்தது. வயிறு முட்டினது அதனால்தான்.

"ஐயா என்ன பயிர் வச்சிருக்கீங்க?"

"வாழைதாம்மா. கன்னடியன் கால்வாய்ல தண்ணி இல்லாதப்ப மோட்டார் போட்டுப் பாய்ச்சுவேன்."

"அப்ப உங்களுக்குச் சொல்றது ஈசி. நம்ம அணுவுக்குள்ள நம்பர் போட்ட குரோமோசோம் இருக்கு. 9-ல ஒரு துண்டும் 22-ல ஒரு துண்டும் ஒடைஞ்சு இடம் மாறி ஒட்டிக்கிட்டா ஒரு சுவிட்சு உண்டாகும். அது ஆஃபே ஆகாது, மோட்டார் ராப்பகலா ஓடும். வெள்ளணு பெருகிக்கிட்டே போகும். மாத்திரை அந்தச் சுவிட்சை அமுக்கிப் பிடிச்சுக்கிடும். கையை எடுத்தா மறுபடி ஓடும். அதனால தினமும் போடணும்."

நாள்பட்ட மைலாய்டு லுகேமியா. நான் இரண்டு வாரமாக இணையத்தில் படித்துக் குழம்பியதை அப்பா அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். ஆனாலும் சோதனையில் உறுதியாகாமல் அந்த மாத்திரையைத் தொடங்க மாட்டேன் என்றுவிட்டார் டாக்டர். அதுவரை எண்ணிக்கையைக் குறைக்க வேறு ஒரு மாத்திரை, அப்புறம் நிறையத் தண்ணீர். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையும் எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டபிறகும் உறிஞ்சும்போது விண்ணென்று இழுத்தது என்றார் அப்பா.

இங்கேதான் ஒரு சொதப்பல். மரபணுச் சோதனைக்கான ரத்தம் சென்னைக்குப் போக வேண்டும். வெளியே ஒரு லேபில் கொடுத்தோம். மறுநாள் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. கூரியர் வரவே இல்லை. இந்தச் சோதனைக்கு ரத்தம் சீக்கிரம் போய்ச் சேராவிட்டால் அதிலிருக்கும் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடுமாம். மூன்றாம் நாள் போன் செய்து, "இன்னொரு தடவை எடுக்கணும் சார்" என்றார்கள். முதல் நாளே கேட்டிருக்கலாமே என்று கத்தினேன். அப்பாதான் அடக்கினார்: "ஏல, நெல்லையப்பர் தேரை வச்சிக்கிட்டு ரத்தம் குடுத்தது நம்ம தப்பு." உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சோதனை வந்தால் திங்கட்கிழமை காலையில் கொடுங்கள். அந்த வாரத்தில் விடுமுறை உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்ததும் இமாட்டினிப் 400 மில்லிகிராம், தினம் ஒன்று. அமெரிக்காவில் 2001-இல் அனுமதி பெற்ற மாத்திரை. இந்தியாவில் இதன் காப்புரிமை வழக்கில் இதைக் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்டதை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரித்தது. கம்பெனி மாத்திரைக்கு மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய், உள்ளூர்த் தயாரிப்புக்கு 10,000-க்குள் என்று அன்றைக்குப் பத்திரிகைகளில் கணக்கு அடிபட்டது. அதைச் செய்தியாக வாசித்துவிட்டு நகர்ந்தவன் நான். இப்போது மெடிக்கல் ஷாப் பில்லைப் பார்த்தால், நாங்கள் வெள்ளிக்கிழமை இரவு ஹோட்டலில் சாப்பிடும் காசுக்கு அப்பாவின் ஒரு மாதம் ஓடுகிறது.

அப்பாவை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போகட்டுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தாராளமா. பேரன் பேத்தியப் பாத்துட்டு வரட்டும். ஆனா அங்கயும் இதே மாத்திரைதான் சார்" என்றார். பேக்கேஜ் பற்றிச் சொன்னதற்குச் சிரித்தார், அவ்வளவுதான்.

அவர் கோபப்பட்டதும் அன்றைக்கே பார்த்தோம். எங்களுக்கு முன்னால் போனவர் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நாலு மாதம் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். எண்ணிக்கை பழையபடி ஏறிவிட்டது. கதவுக்கு வெளியே கேட்கும்படி திட்டு விழுந்தது. பிரஷர் மாத்திரையைக்கூட நினைத்தால் போடுகிற அப்பா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டு ஏற்பாட்டையும் டாக்டரம்மாதான் சொன்னார். மதியச் சோற்றுக்கு அப்புறம் ஒரு செம்புத் தண்ணீரோடு மாத்திரை. அதன் பிறகுதான் அம்மா அன்றைய காலண்டர் தாளைக் கிழிக்க வேண்டும். தாள் கிழியாமல் இருந்தால் மாத்திரை போகவில்லை. அடுத்த தடவை காலி அட்டைகளையும் கொண்டுவர வேண்டும். நான் பக்கத்தில் இருந்து செய்ய முடியாத வேலையைக் காலண்டரிடம் கொடுத்துவிட்டார். ராத்திரி கெண்டைக்கால் இழுக்கிறது, கண்ணைச் சுற்றி வீங்குகிறது. இரண்டும் இந்த மாத்திரையில் வருவதுதான், நீங்களாக நிறுத்தாதீர்கள், எனக்குப் போன் பண்ணுங்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

நான் திரும்பி வந்தபின் ஐப்பசியில் முதல் மூன்று மாதச் சோதனை. ரத்தத்தில் அந்தக் கோளாறு மரபணுவின் அளவு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது 3.8 என்று வந்தது. வீடியோவில் அம்மா முதலில் காட்டியது அந்தக் காகிதத்தை அல்ல, காலண்டரை. "எய்யா, ஒரு நாள்கூட விடல" என்றாள். அப்பா பின்னால் உட்கார்ந்து இலையில் மறுசோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ரத்தம் தை மாதம். பொங்கல் முடிந்து எந்தக் கிழமையிலிருந்து வண்டி ஓடும் என்று கூரியர்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் அப்பா டோக்கனே போட்டிருக்கிறார்.