எஸ்கியூஎல்லை மறைக்கும் நூலகமா, எழுதவிடும் நூலகமா?

ஜாவா நிரல்மொழியில் தரவுத்தளச் சேமிப்பு நூலகம் (பிற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்தொகுப்பு) ஒன்றை உருவாக்குபவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல்லை மறைப்பதா, வெளிப்படையாக வைப்பதா என்பதாகும். 2001இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட் முதல் வழியில் சென்றது. 2010இல் ஐபாட்டிஸ் என்ற முந்தைய நூலகத்திலிருந்து கிளைத்த மைபாட்டிஸ் இரண்டாம் வழியைப் பற்றிக்கொண்டது.

ஹைபர்னேட், அட்டவணையின் ஒரு வரிசையை நிரலில் குறிக்கும் பொருளை (ஆப்ஜெக்ட்) தரவுத்தளத்திலிருந்து படிக்கும்போதே அதன் அப்போதைய மதிப்புகளை நினைவகத்தில் தனியே வைத்துக்கொண்டு, பரிவர்த்தனை (ஒன்றாக நிறைவேறும் கட்டளைத் தொகுதி) முடியும் தறுவாயில் இரண்டையும் ஒப்பிட்டு, மாறியவற்றுக்கான அப்டேட் கட்டளையைத் தானே அனுப்புகிறது. விலையை மாற்றும் ஒரே வரி போதும். சேமிக்கச் சொல்லத் தேவையில்லை. இந்த வசதியைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் 100 ஆர்டர்களைப் படித்து, ஒவ்வொன்றின் பொருட்பட்டியலையும் ஒரு சுழற்சிக்குள் தொட்டால், இயல்பான அமைப்பில் ஆர்டர்களுக்கு ஒன்றும் பட்டியல்களுக்கு நூறுமாக 101 வினவல்கள் ஓடும்; நிரலைப் பார்ப்பவருக்கு அது கண்ணிலேயே படாது.

மைபாட்டிஸில் அதே வேலைக்கு அட்டவணைகளை இணைத்துப் படிக்கும் ஒரே ஜாயின் வினவலை நாமே எழுதுகிறோம். திரும்பி வரும் வரிசைகளை ஆர்டர் எண்படி தொகுத்துத் தருவது நூலகத்தின் பொறுப்பு. அட்டவணையில் ஒரு நெடுவரிசை கூடினால் மட்டும், தொடர்புடைய கட்டளைகள் அனைத்தையும் கைப்படத் திருத்த வேண்டும்.

சொந்தமாக ஒரு நூலகம் எழுத முனைபவருக்கு நான் இரண்டாம் வழியையே பரிந்துரைப்பேன். முதல் வழியில் மாற்றங்களைக் கண்டறிவது எளிது. ஆனால் அயல்விசைகள் (ஓர் அட்டவணையின் வரிசையை மற்றொன்றின் வரிசையோடு பிணைப்பவை) முறியாதபடி கட்டளைகளை வரிசைப்படுத்துவதும், ஒரே வரிசைக்கு ஒரே பொருள்தான் இருப்பதை உறுதிசெய்வதும்தான் மாதங்களை விழுங்கும்.