தொட்டிப் பாசிக்கு எது கேக்கும்: மீனா, பாட்டிலா, லைட்டக் கொறைக்கறதா?

செடி வெச்ச மீன் தொட்டில பாசி வந்துருச்சுன்னு கடைல போய்ச் சொன்னா கையில குடுக்கறது ஒண்ணு மருந்து பாட்டிலு, இல்லாட்டி கண்ணாடில ஒட்டிக்கிட்டுப் பாசி மேயற சக்கர் மீனு. ரெண்டுக்கும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி வந்திருக்கறது எந்தப் பாசின்னு பாத்துக்கோணுமுங்க, ஒண்ணுக்குக் கேக்கற வைத்தியம் இன்னொண்ணுக்குக் கேக்காது.

சக்கர் மீன மொதல்லயே ஒதுக்கீர்றேன். வாங்கையில விரல் நீளந்தான் இருக்கும், ஒரு அடிக்கு மேல வளரும், வளர வளர பாசிய உட்டுட்டு நாம போடற தீவனத்துக்குத்தான் வரும், அது போடற கழிவே பாசிக்கு உரமாயிரும். கடைசில கொளத்துல கொண்டி உட்டுடறாங்க, அங்கிருக்கற நாட்டு மீனுக்கும் சேத்துக் கேடு.

அமானோ எறா பரவால்ல, நூல்பாசிய நல்லா மேயும். ஆனா ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திர வெய்யல்ல தொட்டித் தண்ணி 30 டிகிரி தாண்டிருதே, அதுல தாக்குப் புடிக்கறது செரமம். நெரைட் நத்தை கண்ணாடிய சுத்தமா வெச்சுக்கும், ஆனா கட்டை மேலெல்லாம் வெள்ளப் புள்ளியா முட்டை வெச்சு வெக்கும், உப்பில்லாத நல்ல தண்ணில அது பொரியாது, சொரண்டாம போகவும் போகாது. பாசி திங்கற சியாமிஸ் ஆல்கே ஈட்டர் மீனக் கேட்டா, அதே சாயல்ல இருக்கற ஃபிளையிங் ஃபாக்ஸ எடுத்துக் குடுத்தர்ற கடைங்களும் இருக்குது. கறுப்புக் கோடு வால் துடுப்போட நுனி வரைக்கும் ஓடுதான்னு பாருங்க, வால் பக்கம் வந்ததும் நின்னு போச்சுன்னா அது வேற மீனு.

இனி பாட்டிலுங்க. செடிக்கு கார்பன் சத்துன்னு சொல்லி லிக்விட் கார்பன்னு விக்கறதுல பெரும்பாலும் இருக்கறது குளுட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரில கருவிங்கள ஊற வெச்சுக் கிருமி எடுக்கறாங்களே அதே சாமான். வாலிஸ்னேரியா, மாஸ் மாதிரிச் செடிங்க வெச்சிருந்தா யோசிச்சு ஊத்துங்க, பாசிக்கு முன்னாடி செடி கரைஞ்சு போயிரும். இதுக்குப் பதிலா மெடிக்கல்ல கெடைக்கற ஹைட்ரஜன் பெராக்சைடு எனக்குப் புடிக்கும், வெலையும் கம்மி, வேல முடிஞ்சதும் தண்ணியும் ஆக்சிஜனுமாப் பிரிஞ்சு போயிரும். இலை ஓரத்துல ஆட்டுத் தாடியாட்ட கறுப்பாத் தொங்கற பாசிக்கு இதுதான் சரி. ஃபில்டர நிறுத்திட்டு, ஊசியில்லாத சிரிஞ்சுல எடுத்து பாசி மேலயே மெதுவா உடுங்க, நுரை நுரையா வரும், அஞ்சு பத்து நிமிசம் கழிச்சு ஃபில்டர போடுங்க, ரெண்டு மூணு நாள்ல பாசி செவந்து வெளுத்துரும். ரெண்டடித் தொட்டி, அதாவது 60 லிட்டர் கிட்ட புடிக்கறதுக்கு, ஒரு தடவைக்கு 3 சதவீதம் கரைசல் 15 மில்லிக்கு மேல வேண்டாம். ஒண்ணு கவனிங்க, மெடிக்கல் பாட்டில்ல 6 சதவீதம்னும் வரும், லேபிளப் பாத்து அதே அளவு தண்ணி கலந்துக்கோங்க. எறா இருந்தா இன்னும் கம்மியாவே உடுங்க.

ஆனா மீனோ பாட்டிலோ, இப்ப இருக்கற பாசியத்தான் கொறைக்கும். லைட்டு காலைல இருந்து ராத்திரி வரைக்கும் எரிஞ்சா மறுக்கா வரத்தான் செய்யும். டைமர் போட்டு ஆறு மணி நேரத்துக்குக் கொண்டு வந்து, ஜன்னல் வெய்யல் படாம பண்ணி, ஹார்ன்வார்ட்டு, வாட்டர் ஸ்ப்ரைட்டுன்னு சீக்கிரம் வளர்ற செடிய எச்சாப் போட்டா பாசிக்குப் போற சத்த அதுக ஒட்டுக்கா இழுத்துக்கும். மெதுவாத்தான் தெரியும், என்னோட ஓட்டு இதுக்குத்தான். தண்ணியே பச்சையாயிருச்சுன்னா மட்டும் வேற கதை, மூணு நாள் போர்வை போட்டு மூடி இருட்டாக்கிட்டு பாதித் தண்ணி மாத்துனாப் போதும், அவசரம்னா தண்ணிய உள்ள ஓட உட்டுச் சுத்தம் பண்ற யூவி லைட்டு, ஆனா அது கண்ணாடிலயும் இலைலயும் ஒட்டிக்கிட்டிருக்கற பாசிய ஒண்ணும் பண்ணாது. புதுத் தொட்டில வர்ற காவிப் பாசிக்கு செலவே வேண்டாம், சில வாரத்துல தானா அடங்கிரும்.

தண்ணி மாத்தறதுலயும் ஒரு சங்கதி இருக்குதுங்க. கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுக்காரங்க தைரியமா மாத்தலாம். காட்டுக் கெணத்துத் தண்ணியோ போர் தண்ணியோ ஊத்தறவங்க டெஸ்ட் கிட்டுல தொட்டித் தண்ணிய மட்டும் பாக்காம கொழாத் தண்ணியவும் பாருங்க, தோட்டத்துல போட்ட உரம் நைட்ரேட்டா எறங்கி இருந்தா நாம வாராவாரம் பாசிக்குச் சோறு ஊத்திட்டு இருப்போம். அப்படி வந்தா ஆர்ஓ தண்ணிய பாதிக்குப் பாதி கலந்து மாத்துங்க.