நிலைமின் வோல்ட்மீட்டர்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

உயர் மின்னழுத்த லேபில் 10 கிலோவோல்ட் வரை காட்டும் நிலைமின் வோல்ட்மீட்டரைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். டிஜிட்டல் மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று புதிய மாணவர்கள் கேட்பார்கள். அளக்கிற இடத்திலிருந்து இது மின்னோட்டத்தை உறிஞ்சாது, அதற்காகத்தான்.

1000 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்றை 5 கிலோவோல்ட்டுக்கு ஏற்றிவிட்டு, டிஜிட்டல் மீட்டரின் 1 கிகாஓம் மின்தடையுள்ள ப்ரோபால் அளந்து பாருங்கள். ஒரே விநாடியில் மின்னழுத்தம் முதலில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக மட்டுமே மிஞ்சும். எண்ணைப் படிப்பதற்குள் அளக்க வேண்டியதே போய்விடுகிறது. நிலைமின் வோல்ட்மீட்டரில் முள் ஏறி அப்படியே நிற்கும். மீட்டரின் சொந்த மின்தேக்குதிறன் கொஞ்சம் மின்னேற்றத்தைப் பங்கு கேட்கும், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது எதிரெதிரே இரண்டு தகடுகள். ஒன்று அசையாது, இன்னொன்று லேசாக அசையும். மின்னேற்றம் வந்ததும் ஒன்றையொன்று இழுக்கும்; அந்த இழுப்புதான் முள்ளை நகர்த்துகிறது. அந்த விசை ரொம்பச் சிறியது: 100 சதுர செ.மீ. தகடுகள் 1 செ.மீ. இடைவெளியில் இருந்தால், 10 கிலோவோல்ட்டில் சுமார் நாலரை கிராம் எடைக்குச் சமம். 1 கிலோவோல்ட்டில் அதில் நூறில் ஒரு பங்குதான், ஏனென்றால் விசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. தகட்டின் ஓரங்களில் மின்புலம் வளைந்து கணக்கைக் கெடுக்காமலிருக்க, அசையும் தகட்டைச் சுற்றி அதே மின்னழுத்தத்தில் ஒரு காப்பு வளையம் வைத்தவர் இயற்பியலாளர் கெல்வின் பிரபு. இன்றைக்கும் அந்த ஏற்பாடு மாறவில்லை.

இருமடி விதியால் ஒரு நன்மை, ஒரு தொல்லை. முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் முள் ஒரே பக்கம்தான் நகரும். மாறுமின்னோட்டத்தில் அலைவடிவம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் சராசரி இருமடி மூல மதிப்பை (RMS, அதாவது அதே வெப்பத்தைத் தரும் நேர்மின்னழுத்தத்தின் அளவை) நேராகக் காட்டும். தொல்லை, அளவுகோலின் தொடக்கத்தில் கோடுகள் நெருக்கியடித்துக் கிடப்பது. எங்கள் மீட்டரில் 2 கிலோவோல்ட்டுக்குக் கீழே வரும் அளவை நான் நம்புவதில்லை. மாறுமின்னோட்டத்தில் இது கொஞ்சம் மின்னோட்டம் எடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: மீட்டரின் மின்தேக்குதிறன் 20 பிகோஃபாரட் என்றால் 50 ஹெர்ட்ஸ், 10 கிலோவோல்ட்டில் 60 மைக்ரோஆம்பியருக்குச் சற்று மேல்.

மழைக்காலம்தான் இதற்குப் பகை. மின்காப்பின் மேல் ஈரமும் தூசும் படிந்தால் மின்னேற்றம் கசிந்து, முள் கண்ணெதிரே சரியும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். அப்புறம், சப்ளையை அணைத்துவிட்டோமே என்று முனையைத் தொடக் கூடாது. எர்த் கம்பியை வைத்து, முள் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகே வயரைக் கழற்றுங்கள்.

பழைய மீட்டர் வாங்குகிறவர்கள் முழு அளவுக்கு ஏற்றிவிட்டு, சப்ளை வயரை மின்காப்புக் கம்பால் விலக்கி முள்ளைக் கவனியுங்கள். வெயில் நாளிலும் அது சரசரவென்று இறங்கினால் அந்த மீட்டர் வேண்டாம்.