‘ஃபார்மெட் பண்ணா சரியாயிடும்’ என்று என் கோபோவைச் சாகடித்த கடை

மலேசியாவில், அதுவும் பினாங்கில், பழைய கோபோ (மின்னூல் படிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அதைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது கோபோ குளோ, 2012இல் வந்த மாடல். உள்ளே சேமிப்பிடம் 2 ஜிபிதான். அதன் சொந்த மென்பொருள் போக நமக்கு மிஞ்சுவது ஒன்றரை ஜிபிக்கும் குறைவு. இணையத்தில் தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்து மின்னூல்களை மட்டும் வைத்திருந்தவரை அதுவே தாராளம். ஸ்கேன் செய்த பழைய நூல்களை பிடிஎஃபாக இறக்க ஆரம்பித்த பிறகுதான் வினை. ஒவ்வொன்றும் ஐம்பது, அறுபது எம்பி. ஒரு நாள் ‘இடமில்லை’ என்று மக்கர் பண்ணியது.

ஜார்ஜ்டவுனில் கைப்பேசி பழுது பார்க்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். தமிழ்ப் பையன்தான். “அக்கா, உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கு. அதை எடுத்துட்டு 32 ஜிபி போட்டு, ஃபார்மெட் பண்ணிப் பார்ட்டிஷன் பிரிச்சுத் தரேன். 150 வெள்ளி (ரிங்கிட்)” என்றான். உள்ளே கார்டு இருப்பது உண்மை. இந்த மாடலில் சேமிப்பகம் போர்டில் பற்றவைத்ததல்ல; பின்மூடியை நெம்பினால் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு கண்ணில் படும். விஷயம் தெரிந்தவன் என்று நம்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் போனால், கருவி எழுந்திருக்கவே இல்லை. கேபிள் சொருகிப் பார்த்தான், பொத்தானை அழுத்திப் பார்த்தான், பிறகு முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, “போர்டு போயிடுச்சுக்கா, பழைய செட்டு இல்லையா? போர்டு மாத்தினா 280 ஆகும்” என்றான். நடந்து வந்த ஆளை ஆப்பரேஷன் மேசையில் கொன்றுவிட்டு, வயசாகிவிட்டது என்று சொல்வது போல இருந்தது. வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். 150 ஏற்கெனவே கைமாறிவிட்டது. ரசீதில் ‘சர்வீஸ்’ என்ற ஒரே வார்த்தைதான்.

தீபாவளிக்கு வந்த அண்ணன் மகன் மூடியைத் திறந்து, கார்டை உருவி லினக்ஸ் மடிக்கணினியில் போட்டான். “அத்தை, இதுல ஒரே ஒரு பார்ட்டிஷன்தான் இருக்கு. மூணு இருக்கணும்” என்றான். அப்போதுதான் எனக்கும் புரிந்தது. கோபோ ஓடுவது விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில். அதன் கார்டு பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருக்கும். முதல் பார்ட்டிஷனில் கருவியை இயக்கும் மென்பொருள், இரண்டாவதில் ஏதாவது கெட்டால் மீட்டெடுப்பதற்கான நகல், மூன்றாவதில்தான் நம் புத்தகங்கள். இந்த மூன்றுக்கும் முன்னால், கோப்புப் பெயர் எதுவும் இல்லாத ஒரு துண்டு இடத்தில் கருவியைத் துவக்கும் நிரலும் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சீரியல் எண்ணும் இருக்கின்றன. விண்டோஸுக்குப் புரிவது மூன்றாவது மட்டும். மற்றதைப் பார்த்தால் ‘ஃபார்மெட் செய்யவா?’ என்று கேட்கும். பையன் ‘சரி’ தட்டியிருப்பான். கண்ணில் பட்ட புத்தகங்களை மட்டும் புதுக் கார்டில் ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறான்.

செய்திருக்க வேண்டியது, பழைய கார்டை முதல் செக்டரிலிருந்து கடைசிவரை, கண்ணுக்குத் தெரியாத பகுதிகளையும் சேர்த்து, அப்படியே இமேஜாக (முழு நகலாக) எடுத்து, புதியதில் எழுதி, மூன்றாவது பார்ட்டிஷனை மட்டும் நீட்டுவது. அரை மணி நேர வேலை என்றான் அண்ணன் மகன்.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. கோபோ குளோவின் பக்கவாட்டிலேயே மெமரி கார்டு போட ஒரு துளை இருக்கிறது. 32 ஜிபி வரை ஏற்கும். திறக்கவே தேவையில்லை! எனக்குத் தெரியாதது என் தப்பு. பழுது பார்க்கிறவனுக்குமா தெரியாது?

பழைய கார்டைக் கேட்டுத் திரும்பவும் கடைக்குப் போனேன். முதலில் “குப்பையில் போட்டாச்சு” என்றார்கள். குரலை உயர்த்தியதும் இழுப்பறையிலிருந்து ஒன்று வந்தது. அதையும் வேறு எதற்கோ பயன்படுத்த ஃபார்மெட் செய்து, மேலே வாடிக்கையாளர் யாருடையதோ படங்களை ஏற்றியிருந்தார்கள். நான் கோடிட்டு வைத்த வரிகள், குறிப்புகள் எல்லாம் ஒரு மறைந்த கோப்புறையில் இருக்கும் ஒரே தரவுத்தளக் கோப்பில்தான் இருந்தன. புத்தகங்களைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். அந்தக் குறிப்புகளை எங்கிருந்து இறக்குவது?

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போட்டிருக்கிறேன். வக்கீல் தேவையில்லை, நாமே பேசலாம். ரசீது மொட்டையாக இருந்தாலும், என்ன செய்து தருவதாகச் சொன்னான் என்பது வாட்ஸ்அப்பில் அப்படியே இருக்கிறது. நீங்களும் பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய கார்டை அன்றே கையில் கேளுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் திரை உடைந்துபோன கோபோ குளோ சும்மா கிடந்தால் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் அந்த 2 ஜிபி கார்டு மட்டும் போதும், அதை நகலெடுத்து என் கருவியை எழுப்பிப் பார்க்கலாம்; விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.