கொக்குவில் படம் மட்டும் ஏன் வரவில்லை? ஸ்விஃப்ட்டும் நில் பிழையும்

யாழ்ப்பாணத்து ஊர்களையும் பழைய கட்டடங்களையும் படங்களாகக் காட்டும் ஒரு ஐபோன் செயலியைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். முழுவதும் ஆப்பிளின் ஸ்விஃப்ட் நிரல்மொழி. இத்தனை காலப் பழக்கத்தில் சொல்கிறேன், மதிப்பு இருக்கலாம், இல்லாமல் நில் (வெறுமை) ஆகவும் இருக்கலாம் என்று சொல்லும் ஆப்ஷனல் என்ற ஏற்பாடு அந்த மொழியின் மிகச் சிறந்த அம்சம். உள்ளே மதிப்பு இருக்கிறதென்றே நம்பி, அதன் பின்னால் ஆச்சரியக்குறி போட்டுக் கட்டாயப்படுத்திப் பிரிப்பதுதான் தொல்லை. படம் காட்டும் இடங்களில் அது இரட்டிப்புத் தொல்லை.

ஆப்ஷனலைப் பிரிக்கும்போது எதிர்பாராமல் நில் கிடைத்தது என்ற செய்தியோடு செயலி மூடிக்கொள்ளும். நிரல் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோட் ஒரு வரியைச் சிவப்பாகக் காட்டும். பெரும்பாலும் பிழை பிறந்த இடம் அதுவல்ல. ஒரு படம் திரைக்கு வர, முகவரி யூஆர்எல் ஆக வேண்டும், சேர்வர் தரவு தர வேண்டும், தரவு யூஐஇமேஜ் என்ற பட வடிவம் ஆக வேண்டும், அதை வாங்கித் திரையில் காட்ட இமேஜ்வியூ இருக்க வேண்டும். இதில் எங்கேயும் நில் வரலாம். எல்லாவற்றையும் ஒரே வரியில் கோத்து எழுதியிருந்தால் எது அறுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் நில்லா என்று பார்க்கும் தனித்தனி கார்ட் லெட், தோற்றால் செய்தி எழுதும் ஒரு பிரின்ட். இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே பலரிடம் இருப்பது வெளிநாட்டுச் சொந்தங்கள் கொடுத்துவிட்ட பழைய ஐபோன்கள். ஐபோன் 8, ஐபோன் 10 எல்லாம் ஐஓஎஸ் 16உடன் நின்றுவிட்டன. அதுவரை, முகவரியில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ இருந்தால் யூஆர்எல் உருவாகாது, நில்தான். ஐஓஎஸ் 17இல் ஆப்பிள் இதை மாற்றி, அப்படியான எழுத்துகளைத் தானே சதவீதக் குறியீடாக்கிவிடுகிறது, அதாவது % குறியோடு வரும் எண்களாக மாற்றிவிடுகிறது. அதனால் புதிய போனில் ஒழுங்காக ஓடும் செயலி பழைய போனில் விழும். உங்களிடம் புதியது மட்டும் இருந்தால் இந்தப் பிழையைக் காணவே மாட்டீர்கள்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. நல்லூர், சுன்னாகம், மானிப்பாய் படங்கள் வந்தன. கொக்குவில், கோப்பாய், தொண்டைமானாறு வரவில்லை. யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். ‘கோ’வும் அப்படித்தான். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. படங்கள் முதலில் இருந்த பழைய மேக் டிஸ்க், எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறையில் பெயர்களைப் பிரித்துச் சேமித்திருந்தது. செயலியின் தரவுக் கோப்பான ஜேசனில் தட்டச்சிட்ட பெயர்களோ சேர்ந்த வடிவம். ஸ்விஃப்ட்டில் இரண்டையும் ஒப்பிட்டால் சமம் என்றே சொல்லும், அதனால் பிழை தேடும் டிபக்கரில் சந்தேகமே வராது. லினக்ஸ் சேர்வர் பைட் பைட்டாகப் பார்த்து, கோப்பு இல்லை என்று 404 அனுப்பும். தரவை இறக்கித் தரும் யூஆர்எல்செஷன் 404ஐப் பிழையாக எடுப்பதில்லை. பிழைப்பக்கத்தின் எச்டிஎம்எல் தரவாக வந்து சேரும், அதைப் படமாக்கப் போனால் நில். சேர்வரின் பதில் எண்ணான ஸ்டேட்டஸ் கோட், சரி என்று பொருள்படும் 200தானா என்று பார்க்கும் வரியைப் போட்ட பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது.

மற்றவை சின்ன விஷயங்கள். திரையில் உள்ள பொருளை நிரலோடு இணைக்கும் அவுட்லெட் நில் என்றால், திரையை வடிவமைக்கும் ஸ்டோரிபோர்டில் அந்த இணைப்பு விட்டுப்போயிருக்கும், அல்லது வியூ ஏற்றப்படும் முன்பே படத்தை வைக்கப் பார்த்திருப்பீர்கள். சிமுலேட்டரில் தெரியும் படம் போனில் தெரியவில்லையா? கோப்புப் பெயரின் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். மேக் வழக்கமாக அதைக் கண்டுகொள்ளாது, போன் கண்டுகொள்ளும்.

ஆப்பிளின் புதிய திரை வடிவமைப்பு முறையான ஸ்விஃப்ட்யூஐயில் இணையப் படம் காட்டும் ஏசிங்க்இமேஜ், நில் யூஆர்எல்லைக் கொடுத்தாலும் விழாது, சாம்பல் கட்டத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை, காரணம் தெரியாமல் போகிறது. தோல்வியை எடுத்துத் தரும் ஃபேஸ் வடிவத்தில் எழுதுங்கள். படம் இறக்கும் நிரல் நூலகமான கிங்ஃபிஷரும் தோல்விக் காரணத்தை நன்றாகவே தருகிறது.

இப்போது சேர்வரில் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் பெயர். ஊர்ப்பெயர் ஜேசனில் தமிழிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு கொக்குவிலும் கோப்பாயும் மற்ற ஊர்களோடு ஒழுங்காக வருகின்றன.