பிரேக் ஆயில் மாற்றக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்

வழக்கமான சர்வீஸுக்குத்தான் காரை விட்டேன். பில்லில் ‘பிரேக் ஆயில் மாற்றப்பட்டது’ என்று ஒரு வரி. ஊற்றியிருந்ததோ பவர் ஸ்டீயரிங் ஆயில். அந்த ஒர்க்‌ஷாப் இன்றுவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. போகப்போக பெடல் இறுகியது. காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல், வண்டி இழுத்துக்கொண்டே ஓடியது. நிறுத்திப் பார்த்தால் முன்சக்கரங்களில் கருகல் வாடை, கிட்டே கை கொண்டுபோக முடியாத சூடு. திரும்பக் கொண்டுபோனேன். “பேட் புதுசு சார், செட் ஆகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். பேட் மாற்றியதாக அவர்கள் பில்லிலேயே கிடையாது!

வேறொரு மெக்கானிக், பிரேக் ஆயில் நிற்கும் ரிசர்வாயர் தொட்டியின் மூடியைக் கழற்றியதுமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் உப்பிப்போய், மறுபடி அதன் இடத்தில் உட்கார மறுத்தது. உள்ளே இருந்ததில் சிவப்புச் சாயல். சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடி டம்ளரில் இருந்த தண்ணீரில் விட்டார். சரியான பிரேக் ஆயில், அதாவது டாட் 3, டாட் 4 தர வகைகள் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும். இது படலமாக மேலே மிதந்தது.

பிரேக்கில் உள்ள ரப்பர் சீல்கள் டாட் 3, டாட் 4 போன்ற கிளைக்கால் வகைத் திரவத்துக்கென்றே செய்தவை. பவர் ஸ்டீயரிங் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய் பட்டால் வீங்கிவிடும். பெடலை மிதித்ததும் திரவத்தை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில், திரவம் திரும்பி வரும் சிறு துளையை வீங்கிய ரப்பர் மூடிக்கொண்டால் அழுத்தம் இறங்காது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். சீல் இன்னும் சிதைந்தால் பிரேக்கே பிடிக்காது.

குட்டு வெளிப்பட்ட பிறகு பழைய ஒர்க்‌ஷாப்காரர்கள் சொன்ன சமாதானம்தான் எனக்கு அதிக ஆத்திரம் தந்தது: “இலவசமா ஃப்ளஷ் பண்ணித் தர்றோம்.” ஃப்ளஷ் என்றால் பழையதை வெளியேற்றிப் புதுத் திரவம் விடுவது; கெட்டுப்போன ரப்பரை அது சரிசெய்யாது. எண்ணெய் எட்டிய இடமெல்லாம், அதாவது மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பரின் சீல், ஹோஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட் வரை மாற்ற வேண்டியிருக்கும். அந்த இலவசத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

இதில் இன்னொரு கூத்து. ‘மீதி ஆயில்’ என்று ஒரு குடிநீர் பாட்டிலில் ஊற்றி டிக்கியில் வைத்திருந்தார்கள். லேபிள் இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது எமன். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை இப்படி வைத்தால் இன்னும் மோசம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையே எடுக்கும். பிரேக் திரவமும் விஷம்தான். பெயின்ட்டில் சிந்தினால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ரிசர்வாயர் மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று பொறித்திருக்கும். அதே வகை, சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். திறந்து கிடந்த டப்பா வேண்டாம், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4-க்குக் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு விதிப்படியான குறைந்தபட்ச அளவே 155தான். மலைப்பாதை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும்.

சர்வீஸுக்குப் பிறகு பெடல் கொஞ்சம் மாறியிருந்தாலும் ஓட்டிப் பார்க்காதீர்கள், கயிறு கட்டியும் இழுக்காதீர்கள், வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். பழைய பாகங்களையும், லேபிள் ஒட்டி மூடிய புட்டியில் கொஞ்சம் திரவத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். என் புகாருக்கு இப்போது கையில் இருக்கும் ஆதாரம் அவைதான்.