மால் உரிமையாளருக்கு எல்.ஆர்.டி. கடன்: எவ்வளவு வாங்கலாம், எங்கே இடறும்?

கட்டி முடித்து கடைகள் நிரம்பிய மாலின் வாடகையை ஈடாக வைத்து வங்கி தரும் கடன்தான் லீஸ் ரெண்டல் டிஸ்கவுண்டிங், சுருக்கமாக எல்.ஆர்.டி. கட்டுமானக் கடனை அடைக்க நல்ல வழி இது. வட்டி குறையும், தவணைக் காலம் நீளும். அந்த ஒரு வேலைக்குத் தாராளமாக வாங்கலாம். தகுதி இருக்கிறதே என்று கூடுதலாக எடுத்து அடுத்த கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டத்தான் கூடாது.

மாத வாடகை 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் பிடித்துக் கட்டும் 10% வருமான வரி (டி.டி.எஸ்.) போனால் 36. சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் மாதம் 2 லட்சம் ஒதுக்கினால் 34. தவணையைப்போல் 1.3 மடங்கு வரவு வேண்டும் என்று வங்கி கேட்டால், தவணை 26 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 9.5% வட்டி, 12 ஆண்டு என்றால் கடன் ஏறக்குறைய 22.3 கோடி. இந்தக் கணக்கில் குறைந்தபட்ச வாடகை மட்டும்தான் சேர வேண்டும். விற்பனையில் பங்கு என்று தீபாவளி மாதத்தில் வரும் கூடுதலை நம்பித் தவணை போடக் கூடாது.

வட்டி ஒரு சதவீதம் ஏறினால் தவணை 27.3 லட்சமாகும். சிரமம்தான், ஆனால் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது பெரிய கடை ஒன்று காலி செய்வது. ஒப்பந்தத்தில் 9 ஆண்டு என்று இருக்கும். கடைக்காரரைக் கட்டிவைக்கும் லாக்-இன் பல ஒப்பந்தங்களில் முதல் 3 ஆண்டுதான். கடனோ 12 ஆண்டு. மாதம் 12 லட்சம் தரும் கடை நோட்டீஸ் கொடுத்தால், டி.டி.எஸ். போக 10.8 லட்சம் வரவு நின்றுவிடும். மிஞ்சும் 23.2 லட்சத்தில் 26 லட்சம் தவணை எப்படிக் கட்டுவது? அதோடு 6 மாத அட்வான்ஸ் 72 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் எப்போதோ எஸ்கலேட்டராகவும் ஏ.சி. சில்லராகவும் மாறியிருக்கும். காலித் தளத்தின் பராமரிப்புச் செலவும் உரிமையாளர் தலையில். புதிய கடை வந்தாலும் உள்வேலை முடியும்வரை சில மாதம் வாடகை கேட்க முடியாது.

டி.எஸ்.ஆர்.ஏ. (தவணைக்கான காப்பு வைப்பு) என்று 3 மாதத் தவணையை, இங்கே 78 லட்சத்தை, வங்கி முடக்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் அது தவணைக்கு மட்டும். அட்வான்ஸைத் திருப்ப அதைத் தொட முடியாது. அட்வான்ஸில் பாதியையாவது தனி வைப்பில் போடுங்கள். கடன் காலத்தையும் லாக்-இன் தேதிகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத் தொகையைக் குறையுங்கள்.

வாடகை முழுவதும் வந்து சேர்ந்து, ஒப்பந்த வரிசைப்படி பணம் எடுக்கப்படும் எஸ்க்ரோ கணக்கில் பலர் கோட்டைவிடுவது ஜி.எஸ்.டி. விஷயத்தில். 40 லட்சம் வாடகையோடு 18%, அதாவது 7.2 லட்சம், அதே கணக்கில் வந்து விழும். அது அரசுப் பணம். மாதாந்திரக் கணக்கு தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். எஸ்க்ரோ ஒப்பந்தத்தில் தவணை முதலிலும் வரி பின்னாலும் இருந்தால், வரவு குறைந்த மாதத்தில் வரிப்பணத்தையும் தவணைக்கு எடுத்துவிடுவார்கள். தாமதத்துக்கு 18% வட்டி. வரி முதலில், பிறகு தவணை என்று வரிசையை மாற்றி எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

தணிக்கை அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளையும் வங்கி படிக்கும். உதாரணம் மால் கட்டியபோது செலுத்திய ஜி.எஸ்.டி. சஃபாரி ரிட்ரீட்ஸ் வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மால் கட்டடமும் 'பிளான்ட்' ஆகலாம் என்று சொல்லி, உள்ளீட்டு வரி வரவுக்கு (கட்டும்போது செலுத்திய வரியை வாடகை மீதான ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வதற்கு) ஒரு கதவைத் திறந்தது. 2025 நிதிச் சட்டம் 'பிளான்ட் ஆர் மெஷினரி' என்பதை 'பிளான்ட் அண்ட் மெஷினரி' என்று 2017 ஜூலை 1 முதலே செல்லும்படி திருத்தி அதை மூடிவிட்டது. இந்த வரவை எடுத்திருப்பவர், பணம் கட்ட வேண்டிவர வாய்ப்பு அதிகம் என்றால் அதற்கு ஒதுக்கீடு காட்ட வேண்டும். குறிப்பில் எழுதிவிட்டால் போதும் என்பது அந்த நிலையில் செல்லாது.

கடைசியாக உத்தரவாதம். குழும நிறுவனம் ஒன்றின் கடனுக்கு மால் நிறுவனம் கையெழுத்திட்டிருந்தால், அது கடன் பட்டியலில் வராமல் குறிப்பில்தான் இருக்கும். அங்கே தவணை தவறினால் இங்கேயும் கடனை மொத்தமாகக் கேட்கும் ஷரத்து சாங்ஷன் கடிதத்தில் இருக்கலாம். அதைத் தேடிப் படித்து, நீக்கச் சொல்லிக் கேட்டு, மறுத்தால் தொகை வரம்பாவது எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கையெழுத்திடுங்கள்.